பிரான்ஸுக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிரான்ஸுக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். முதல் முறை அலுவலக வேலையாக. மற்ற நான்கும் சொந்தக் காசில், படம் எடுப்பதற்காகவே. ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன். டிக்கெட் விலை, விசாக் கட்டணம் எல்லாம் வருஷா வருஷம் மாறும் என்பதால் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பாரிஸ், மோன் சான் மிஷேல், லாவண்டர் வயல், ஆல்ப்ஸ், நீஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பார்த்துவிட்டு வரலாம். ஆனால் மனசுக்குப் பிடித்த படம் ஒன்று கிடைப்பதே கஷ்டம். என் இரண்டாவது பயணத்தில் ஒன்பது நாளில் ஏழு ஊர் சுற்றினேன். மூவாயிரம் படங்களுக்கு மேல் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: எல்லாமே மத்தியானம் எடுத்தவை. காலை ரயிலில் கிளம்பி பதினோரு மணிக்கு ஓர் ஊரில் இறங்கி, மாலை ஐந்து மணிக்கு அடுத்த ரயில் ஏறினால் வேறென்ன கிடைக்கும்? வெளுத்த வானம், மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல்.

அதிவேக ரயில்தான் இந்த ஆசையைத் தூண்டிவிடுகிறது. பாரிஸிலிருந்து லியோன் இரண்டு மணி நேரம், ஸ்த்ராஸ்பூர் ஒன்றே முக்கால், அவிஞ்ஞோன் இரண்டே முக்கால். அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். இப்போதெல்லாம் நான் பத்து நாளுக்கு மூன்று இடம், ஓர் இடத்தில் மூன்று இரவு என்று வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடப்பேன். எந்தத் தெருவில் காலை வெயில் விழுகிறது, எந்தச் சுவர் மாலையில் சிவக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் அலைய வேண்டியதில்லை.

எந்த மாதம் போவது நல்லது?

அதற்கு முன்னால் அந்த ஊர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது அதைத்தான். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது, பாரிஸ் கிட்டத்தட்ட 49 பாகையில். நம் ஊரில் சூரியன் நேராக இறங்கி மறைந்துவிடும். ஆறரைக்கு மறைந்தால் ஏழுக்கு இருட்டு. பாரிஸில் அது சாய்வாக, அடிவானத்தை ஒட்டியே நழுவிக்கொண்டு போகும். ஜூன் கடைசியில் அஸ்தமனமே இரவு பத்து மணிக்குத்தான். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் வானம் நீலமாகவே நிற்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் தெருவிளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இருக்கும். பாரிஸ் கட்டடங்கள் வெளிர் மணல் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை, கூரைகள் சாம்பல் நிறத் துத்தநாகத் தகடு. அந்தக் கல் விளக்கின் நிறத்தை வாங்கிக்கொள்ளும், கூரை வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி படமே எடுக்காமல் நின்றுவிட்டேன்.

டிசம்பரில் கதை வேறு. சூரியன் உதிக்கவே எட்டே முக்கால் ஆகிவிடும், ஐந்து மணிக்குள் மறைந்துவிடும். உச்சிப் பொழுதில்கூட அடிவானத்துக்கு மேல் 18 பாகைதான் ஏறும். அதாவது வெயில் வந்தால் நாள் முழுக்க நீண்ட நிழல், நாள் முழுக்க மாலை மாதிரி. வந்தால்தான். பாதி நாள் மேகமாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை. லுவார் ஆற்றங்கரையில் காலையில் மூடுபனி எழும். அல்சாஸ், பர்கண்டி பக்கம் திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாகும். அஸ்தமனம் ஏழு, எட்டு மணிக்குள் வந்துவிடுவதால் படம் எடுத்து முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கும் போகலாம். ஜூனில் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால் சின்ன ஊர்களில் சமையலறை மூடிவிடும். பட்டினிதான். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரை விட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள், தெருமுனை ரொட்டிக்கடை வரை பூட்டிக் கிடக்கும். காலியான தெருக்கள் வேண்டுமென்றால் அதுவும் நல்ல மாதம்தான்.

பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தை எங்கே நின்று எடுப்பது?

எல்லோரும் நிற்கும் இடம் ட்ரொகாதெரோ மேடை. தப்பில்லை, அங்கிருந்து பார்த்தால் கோபுரம் முழுதாகத் தெரியும். குளிர்காலத்தில் அங்கே விடியற்காலை போனால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னாலிருந்தே எழும்பும். ஆனால் கல்யாண ஜோடிகளும் அவர்களுடைய போட்டோகிராபர்களும் உங்களுக்கு முன்னாலேயே வந்திருப்பார்கள்.

நான் திரும்பத் திரும்பப் போவது பீர் அக்கெம் பாலத்துக்கு. மேலே ஆறாம் எண் மெட்ரோ ஓடும், கீழே இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். தூண்களுக்கு நடுவே நடக்கிறவர்கள், சைக்கிள்காரர்கள், அவர்களுக்குப் பக்கவாட்டில் கோபுரம். கோபுரம் மட்டும் இருக்கும் படத்தை விட ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போகும் படம்தான் பாரிஸ் என்று எனக்குத் தோன்றும். அதே மெட்ரோவில் பாஸி நிலையத்தில் ஏறி ஆற்றைக் கடக்கும்போது இடப்பக்க ஜன்னலில் சில நொடி கோபுரம் தெரியும். அந்த நொடியில் பெட்டிக்குள் இருப்பவர்களின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஊருக்குப் புதியவர் யார், தினமும் போகிறவர் யார் என்று தெரிந்துவிடும்.

இருட்டிய பிறகு மணிக்கு ஒருதரம் ஐந்து நிமிஷம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும். மொத்தம் 20,000 பல்புகள். ஷட்டரை நீளமாகத் திறந்து வைத்தால் மினுமினுப்பு எல்லாம் கலந்து வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை) ஏற்றிக்கொண்டு வேகமான ஷட்டரில் எடுங்கள்.

கோபுரம் போதும் என்றானதும், செய்ன் ஆற்றின் நடுவே இருக்கும் சித்தே தீவின் மேற்கு மூக்கில் வேர் கலான் என்ற சின்னப் பூங்கா இருக்கிறது, அங்கே இறங்குங்கள். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அஸ்தமனம் பார்க்கலாம். செய்ன் ஆற்றங்கரைச் சுவரில் பச்சைப் பெட்டிகளை மாட்டிவைத்துப் பழைய புத்தகம் விற்பவர்களும் அங்கிருந்து நடை தூரம்தான். மழை வந்தால் அறைக்குள் ஓடிவிடாதீர்கள். பாரிஸ் மழை பெரும்பாலும் தூறல், கல் பாவிய தெருவெல்லாம் கண்ணாடியாகிவிடும்.

இரவில் ஈஃபிள் கோபுரத்தைப் படம் எடுப்பது குற்றம் என்கிறார்களே?

பாதி உண்மை. கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபிள் 1923-ல் காலமானார். அவர் இறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கட்டடத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் இப்போதைய பொன்னிற விளக்கமைப்பு 1985-ல் பியேர் பிதோ என்பவர் செய்தது. அதைத் தனிப் படைப்பாகக் கருதுகிறார்கள். நீங்கள் எடுத்து வீட்டில் மாட்டவோ வாட்ஸாப்பில் அனுப்பவோ யாரும் தடுக்க மாட்டார்கள். கோபுரத்தை நடத்தும் நிறுவனமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால்தான் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

2016-ல் வந்த ஒரு சட்டம் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடங்களையும் சிலைகளையும் தனிநபர்கள் வியாபார நோக்கமில்லாமல் படமெடுத்துப் பகிர அனுமதிக்கிறது. லூவ்ர் மியூசியத்தின் கண்ணாடிப் பிரமிடு மாதிரி புதிய கட்டடங்களுக்கு அது பொருந்தும். படத்தை விற்கிற எண்ணம் இருக்கிறவர்கள்தான் இதையெல்லாம் நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

தெருவில், சந்தையில் மனிதர்களைப் படம் எடுக்கலாமா? திட்டுவார்களா?

எடுக்கலாம். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள். அவர்களுடைய சிவில் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஒவ்வொருவருடைய தனிவாழ்க்கையும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. தன் உருவத்தின் மீது ஒருவருக்கு இருக்கும் உரிமையை நீதிமன்றங்கள் அதிலிருந்துதான் எடுக்கின்றன. கூட்டத்தில் ஒரு முகமாக வந்தால் பிரச்சினை இல்லை. ஒருவரை மட்டும் குறிவைத்து, அடையாளம் தெரிகிற மாதிரி எடுத்து வெளியிடுவதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

சட்டத்தை விட முக்கியமானது “போன்ஜூர்”. கடைக்குள் நுழைந்தாலும், பஸ்ஸில் ஏறினாலும், யாரிடம் வழி கேட்டாலும் முதல் வார்த்தை அதுதான். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தால் முகம் சுருங்கிவிடும். நாம் அதை அகம்பாவம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கோ வணக்கம் சொல்லாமல் பேச ஆரம்பித்த நாம்தான் மரியாதை தெரியாதவர்கள்.

ஆர்ல் ஊரில் சனிக்கிழமைச் சந்தை லீஸ் சாலை நெடுக நீளமாக விரியும். அங்கே ஆலிவ் காய் விற்கும் ஓர் அம்மா. எழுபது வயது இருக்கும். மரத்தொட்டிகளில் பச்சை, கறுப்பு, பூண்டு போட்டது, மிளகாய் போட்டது என்று பத்துப் பன்னிரண்டு வகை. துளை போட்ட மரக்கரண்டியால் அள்ளி எண்ணெயை வடியவிட்டுப் பொட்டலம் கட்டுவார். நான் தூரத்திலிருந்து லென்ஸை நீட்டியதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேமராவை இறக்கிவிட்டுப் பக்கத்தில் போய், போன்ஜூர் மதாம் என்று சொல்லி, நூறு கிராம் வாங்கி, ஒரு காயைத் தின்றுவிட்டு, தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் ஏப்ரனைத் துடைத்தார். வெயில் முகத்தில் விழும்படி கூடாரத் துணியைக் கொஞ்சம் விலக்கினார். அப்புறம் இடுப்பில் கை வைத்து நின்றார். அந்த ஊர் வெளிச்சம் எப்படி விழும் என்று அவருக்கு என்னை விட நன்றாகத் தெரியும்! என் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ஒரே பிரான்ஸ் படம் அதுதான்.

தேவாலயங்களுக்குள் எடுக்கலாமா? எது முக்கியம்?

பெரும்பாலும் எடுக்கலாம். பிளாஷ் கூடாது, வழிபாடு நடக்கும்போது கூடாது. பாரிஸின் நோத்ருதாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15-ல் தீப்பிடித்தது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நான் பழைய நோத்ருதாமையும் பார்த்திருக்கிறேன், புதுப்பித்ததையும் பார்த்தேன். முன்பு உள்ளே ஒரே புகைக் கறுப்பு. இப்போது கல்லையெல்லாம் கழுவி, பாலேடு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய இருட்டுதான் அழகு என்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிய காலத்து ஆட்கள் அண்ணாந்து பார்த்தது இந்த வெளுப்பைத்தானே.

பக்கத்திலேயே சாந்த் ஷாபெல் என்ற தேவாலயம். ஒன்பதாம் லூயி மன்னர் கட்டியது, 1248-ல் முடிந்தது. மேல்தளத்தில் சுவர் என்று சொல்ல எதுவுமே இருக்காது, பதினைந்து உயர உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்தான். வெயில் உள்ள நாளில் போங்கள். மேகமாக இருந்தால் டிக்கெட்டை வேறு நாளைக்கு எடுப்பது நல்லது.

ஆனால் ஒன்றே ஒன்று பார்க்கத்தான் நேரம் என்றால் ஷார்த்ர் ஊர்த் தேவாலயத்துக்குப் போங்கள். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். ரயில் போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே போகும்போது, ஊர் தெரிவதற்கு முன்னால் இரண்டு கூர்கோபுரங்கள் மட்டும் வயலுக்கு மேலே தெரியும். ஒன்று உயரம், ஒன்று கொஞ்சம் குட்டை. உள்ளே போனால் முதல் பத்து நிமிஷம் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மெல்ல மெல்ல அந்த நீலம் வரும். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் இவ்வளவு நிறைய இன்னும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: 1939-ல் போர் வருகிறது என்றதும் ஜன்னல் ஜன்னலாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அதற்கு முந்திய உலகப் போரிலும் அப்படியே கழற்றியிருக்கிறார்கள்.

அங்கே ஒரு பிற்பகல் தெற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் தூணின் காலடியில் விழுந்து கிடந்தது. செங்கல் சிவப்பில் ஒரு திட்டு, அதைச் சுற்றி நீலம். கல்லில் எத்தனையோ பேர் நடந்து தேய்ந்த பள்ளம் ஒன்று. நிறம் அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கின மாதிரி இருந்தது. இருபது நிமிஷத்தில் அது ஒரு முழம் நகர்ந்துபோனது. ஜன்னலை எடுத்த படங்களை விடத் தரையை எடுத்த அந்தப் படம்தான் ஷார்த்ரை எனக்கு ஞாபகப்படுத்துகிறது. கண்ணாடியை எடுக்கும்போது கேமராவின் தானியங்கி அளவை நம்பாதீர்கள். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நிறம் வெளுத்துவிடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள்.

மியூசியங்களில்?

லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் திட்டம் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நிரந்தரக் காட்சிக்கூடங்களில் பிளாஷ், ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் இல்லாமல் எடுக்கலாம். மோனலிசாவை எடுக்க மெனக்கெடாதீர்கள். திரும்பி நின்று, அவளைப் பார்க்கிற கூட்டத்தை எடுங்கள்.

மோன் சான் மிஷேல் ஒரே நாளில் போய் வரலாமா?

பாரிஸிலிருந்து ரென் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று போய் அன்றே திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தயவுசெய்து ஓர் இரவாவது தங்குங்கள். மாலை ஆறு மணிக்குச் சுற்றுலா பஸ்கள் கிளம்பிய பிறகுதான் அந்த ஊருக்கு மூச்சு வரும்.

அது கடலுக்குள் நிற்கும் ஒரு பாறை. மேலே மடாலயம், அதன் உச்சியில் 1897-ல் வைத்த தூதர் மிக்கேலின் பொன்னிறச் சிலை. சுற்றியுள்ள விரிகுடாவில் ஓதமேற்றம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெரிய ஓத நாட்களில் உயர்மட்டத்துக்கும் தாழ்மட்டத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம். பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் அது உச்சத்துக்குப் போகும். ஓதம் எவ்வளவு பெரியது என்று காட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் போட்டு அட்டவணை வெளியிடுகிறார்கள். 110-ஐத் தாண்டும் நாட்களில்தான் குன்று முழுசாகத் தீவாகும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த அட்டவணையைப் பாருங்கள் என்பேன்.

முன்பு கரைக்கும் குன்றுக்கும் நடுவே தடுப்பணை மாதிரி ஒரு சாலை இருந்தது. அதனால் மணல் சேர்ந்து கடலே விலகிப்போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, தண்ணீர் அடியில் ஓடும்படி தூண்கள் மேல் ஒரு பாலம் போட்டார்கள். 2014-ல் திறந்தது. வண்டியை இரண்டரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு இலவச பஸ்ஸில் போகலாம், நடக்கவும் செய்யலாம். நடங்கள். ஒவ்வொரு நூறு அடிக்கும் குன்று கொஞ்சம் வளர்ந்துகொண்டே வரும்.

நான் தங்கிய அன்று நல்ல ஓதம். பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம். முதலில் எதுவும் தெரியவில்லை, சாம்பல் மணல்தான். அப்புறம் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. சத்தம்தான் முதலில் வந்தது, யாரோ பாயைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு சரசரப்பு. பிறகு மணலில் இருந்த சின்னச் சின்ன வாய்க்கால்கள் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தன. பத்து நிமிஷம் முன்பு பறவைகள் நின்ற இடம் கண்ணெதிரில் காணாமல் போனது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தின் நடைபாதை மரப்பலகை. ஆட்கள் நடந்தாலே ட்ரைபாட் அதிரும். நீண்ட நேரம் ஷட்டரைத் திறப்பதானால் கரைப்பக்கம் கூஸ்னோன் ஆற்று அணைக்கட்டில் நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் வற்றியிருக்கிறதே என்று வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது. புதைமணல் இருக்கிறது, ஓதம் திரும்பும் வேகமும் அதிகம்.

லாவண்டர் பூ எப்போது, எங்கே?

தென் பிரான்ஸில் வலான்சோல் மேட்டுநிலத்தில் ஜூன் பாதியிலிருந்து ஜூலை பாதி வரை. அப்புறம் அறுவடை இயந்திரம் வந்துவிடும். ஜூலை கடைசியில் போகிறவர்கள் இன்னும் உயரத்தில் இருக்கும் ஸோ என்ற ஊர்ப் பக்கம் போனால் பூ கிடைக்கும். வலான்சோலில் பெரிய உருண்டைப் புதர்களாக இருப்பது பெரும்பாலும் லாவாண்டின் என்ற கலப்பினம். உயரமான இடங்களில் இருப்பதுதான் அசல் லாவண்டர், செடி சின்னது, வாசனை மென்மையானது.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஊதா வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். என்ன இது, படத்தில் பார்த்த மாதிரி இல்லையே என்று தோன்றும். சூரியன் தாழ்ந்ததும் வரிசைகளுக்கு நடுவே நிழல் விழுந்து நிறம் திரும்பி வரும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், அப்போதுதான் இரண்டு புதருக்கு நடுவில் தெரியும் மண் மறையும். வயல் முழுக்கத் தேனீக்கள் இரைந்துகொண்டே இருக்கும். நாம் சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும்.

அது ஒருவருடைய விவசாயம் என்பதை மறந்துவிடாதீர்கள். செடியை மிதித்துத் தாண்டுவது, பறிப்பது, வெள்ளை கவுன் போட்டுப் புதர் மேல் உட்காருவது எல்லாம் கண் முன்னே நடக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கோர்த் ஊருக்குப் பக்கத்தில் 1148-ல் தொடங்கிய செனான்க் மடத்தில் துறவிகளே லாவண்டர் வளர்க்கிறார்கள். அங்கே பேச்சைக்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டும். பஸ் வசதி குறைவு, கார் இல்லாமல் இந்தப் பக்கம் சிரமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

மிஸ்த்ரால் என்ற வடகாற்று அடித்தால் பூவெல்லாம் ஆடும், படம் கலங்கும். ஆனால் அது வானத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடும். அந்த நாட்களில் நான் வயலை விட்டுவிட்டு ருசியோன் ஊரின் காவிமண் பாறைகளுக்குப் போய்விடுவேன்.

மலைக்குக் கேமரா கொண்டுபோக என்ன ஏற்பாடு வேண்டும்?

ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கும் ஷாமோனி ஊரிலிருந்து எக்வி து மிதி சிகரத்துக்கு ரோப்கார் ஏறினால் 3,842 மீட்டர். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இரண்டு பேட்டரியைச் சட்டை உள்பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கீழே வந்து சூடான அறைக்குள் நுழைவதற்கு முன்னால் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர்த்துளி பூத்துவிடும். மேலே மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

என்ன கேமரா வேண்டும்? மொபைல் போதாதா?

மொபைல் போதும், விடியற்காலையில் எழுந்திருக்கிறவருக்கு. கேமரா கொண்டுபோவதென்றால் ஒரு பாடி, ஒரு ஜூம், இருட்டுக்கு ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸ். என்னிடம் முதலில் ஒன்பது கிலோ பை இருந்தது. பாரிஸ் மெட்ரோவில் பாதி நிலையங்களில் படிக்கட்டுதான். மூன்றாம் நாள் தோள் வலியில் பையை அறையிலேயே வைத்துவிட்டு வெளியே போனேன். இரண்டு மெமரி கார்டில் ஒரே சமயத்தில் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிளக் உருளையான இரண்டு பின், 230 வோல்ட். நம் சார்ஜர்கள் ஒரு சின்ன அடாப்டரோடு வேலை செய்யும்.

திருட்டு பயம் உண்டா?

அடிதடி இல்லை, ஆனால் கைவேகம் அதிகம். பாரிஸின் பெரிய ரயில் நிலையம் ஒன்றில் பையை நாற்காலியின் காலில் சாய்த்துவிட்டு டிக்கெட் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பை போய்விட்டது, அதில் என் 85 மில்லிமீட்டர் லென்ஸும் முதல் இரண்டு நாள் படங்களும். லென்ஸை மறுபடி வாங்கிவிட்டேன். என் மகள் முதன்முதலாகப் பனியைத் தொட்ட படம் அந்தக் கார்டில் இருந்தது, அது போனது போனதுதான். அதனால் சொல்கிறேன்: அன்றன்று எடுத்ததை அன்றிரவே நகல் எடுங்கள், கார்டைக் கேமராப் பையில் வைக்காதீர்கள். பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு உட்காருங்கள். கையெழுத்து வேட்டை என்று காகிதத்தை நீட்டுகிறவர்கள், தரையில் மோதிரம் கண்டெடுத்ததாகக் காட்டுகிறவர்கள் வந்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். ஏதாவது போனால் போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கினால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும்.

டிரோன்?

பாரிஸில் தடை. மற்ற ஊர்களிலும் குடியிருப்புகளுக்கு மேல் பொது இடத்தில் பறக்கவிடக் கூடாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

முன்பை விடச் சுலபம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எந்த ஊரிலும் கிடைக்கும். பிரான்ஸின் வடமேற்கே பிரித்தானி பக்கம் பாப்பரைக் கோதுமை மாவில் சுடும் கலெத், தோசை மாதிரியே இருக்கும், பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீஸில் கடலைமாவில் செய்யும் சொக்கா அருமை. மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், “கராஃப் தோ” என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தருவார்கள்.

போட்டோகிராபி பிறந்த ஊர் என்கிறார்களே, அதைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், போக வேண்டும். பர்கண்டியில் ஷாலோன் சுர் சோன் என்ற ஊர், சோன் ஆற்றங்கரையில். நிசேஃபோர் நியேப்ஸ் பிறந்தது அங்கே. பக்கத்தில் சான் லூ தெ வரேன் கிராமத்தில் அவருடைய வீட்டு மாடி ஜன்னலிலிருந்து 1826 அல்லது 1827-ல் எடுத்ததுதான் கேமராவால் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது. வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஒரு வகைத் தாரைப் பூசி, பல மணி நேரம், சிலருடைய கணக்குப்படி பல நாள், வெயிலில் வைத்திருக்கிறார். அத்தனை நேரத்தில் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டதால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலுமே வெயில் அடிக்கிறது. ஒரு முழுப் பகலும் ஒரே தகட்டில்.

அந்த மூலத் தகடு இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் ஷாலோனில் அவர் பெயரால் இருக்கும் மியூசியத்தில் அவர் பயன்படுத்திய கேமராப் பெட்டிகளைப் பார்க்கலாம். சாதாரண மரப்பெட்டிகள். ஒன்றின் மூலையில் மரம் பிளந்திருந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கழுத்தில் தொங்கிய என் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஆர்வம் இருப்பவர்கள் லியோனில் லூமியேர் சகோதரர்களின் வீட்டையும் பாருங்கள். அவர்கள் 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் வண்ணத் தகட்டில், சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள்தான் நிறத்தைத் தந்தன. அந்த முறையில் உலகெங்கும் எடுத்த 72,000 படங்கள் பாரிஸை ஒட்டிய புலோன் பியாங்கூரில் ஆல்பெர் கான் மியூசியத்தில் இருக்கின்றன. பத்தாம் எண் மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கினால் போதும்.

பாரிஸில் தமிழர் பகுதி இருக்கிறதாமே?

லா ஷாபெல். வட ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்தவர்களின் கடைகள்: நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காய் தொங்கும் காய்கறிக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்க வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் வரும். தேதியைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். கடை வாசல்களில் தேங்காயை மலைமலையாகக் குவித்து, மேலே மஞ்சளும் குங்குமமும் தூவி வைத்திருப்பார்கள். தேர் நெருங்கியதும் உடைக்க ஆரம்பிப்பார்கள், இளநீர் முழங்கால் வரை தெறிக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு பில்டர் மாட்டிக்கொள்ளுங்கள், துடைக்கத் துணியும் வேண்டும். காவடி எடுப்பவர்களுக்கும் கற்பூரச் சட்டி ஏந்திய பெண்களுக்கும் வழி விட்டு ஓரமாக நில்லுங்கள். முதலில் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் யாரும் வேண்டாம் என்பதில்லை. அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள். அந்த வெளிர்மணல் நிறக் கட்டடங்களின் இரும்புக் கம்பி பால்கனிகளில் பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்க் கலசம் இரண்டாம் மாடி ஜன்னலை உரசுவது போலப் போகும் ஒரு திருப்பம் இருக்கிறது. தேர் பார்க்கப் போன இரண்டு வருஷமும் நான் அந்த முனையில்தான் நின்றேன்.